எலி வளையானாலும் தனி வளை: தோட்டத்து மக்களும் சொந்த வீடும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் படிப்பைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். "என்னா இது, வாத்தியார் வீட்டைப் பத்தி எழுதுறாரு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளை அந்தக் கோப்பையை எங்கே கொண்டுபோய் வைக்கும்? வீட்டில்தானே! அந்த வீடு யாருடையது? "எங்களுடையது" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல நம் தோட்டத்து மக்களுக்கு மூன்று தலைமுறை பிடித்தது. இன்னும் சொல்ல முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்றார்கள் நம் முன்னோர். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றும் சொன்னார்கள். முதல் பழமொழி நம் ஆசையைச் சொல்கிறது. இரண்டாவது, அந்த ஆசைக்குப் பின்னால் இருக்கும் பாட்டைச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் தோட்டத்துத் தமிழர்கள் எப்படி நடந்து வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மலாக்காவில் மனை கண்ட தமிழர்

தமிழன் மலாக்காவுக்கு ரப்பர் வெட்டுவதற்காக மட்டும் வந்தவன் அல்ல. மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே தமிழ் வணிகர்கள் இங்கே வந்து தங்கினார்கள். இந்த மண்ணின் பெண்களை மணந்து இங்கேயே குடும்பம் நடத்தினார்கள். அவர்களின் வழி வந்தவர்களைத்தான் இன்று மலாக்காச் செட்டிகள் என்கிறோம். டச்சுக்காரர் ஆட்சியில், அச்சமூகத்தின் தலைவராக இருந்த தைவநாயகம் செட்டி என்பவருக்குக் கோயில் கட்ட நிலம் கொடுக்கப்பட்டது. 1781-இல் அந்த இடத்தில் எழுந்ததுதான் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். பட்டணத்தின் நடுவே இன்றும் அது நிற்கிறது. காஜா பேராங் பகுதியில் கம்போங் செட்டி என்ற அவர்களுடைய கிராமமும் இருக்கிறது.

மாணவர்களே, இதில் ஒரு பாடம் உண்டு. அந்த மக்கள் வீட்டில் பேசுவது மலாய். ஆனாலும் பொங்கல் வைக்கிறார்கள், முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள், அம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். பேச்சு மாறிய பிறகும் வழக்கம் நின்றதற்கு என்ன காரணம்? அவர்களுக்கென்று ஒரு மனை இருந்தது. கோயிலுக்கென்று ஓர் இடம் இருந்தது. காலுக்குக் கீழே மண் இருந்தால் பழக்கவழக்கம் அவ்வளவு சீக்கிரம் கலைந்து போகாது.

ரப்பர் வந்தது, லயம் வந்தது

இனி நம் கதைக்கு வருவோம். 1896-ஆம் ஆண்டில், சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி கொடுத்த ஊக்கத்தால், மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீனப் பெருந்தனக்காரர் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிபத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிறகு அவரே புக்கிட் அசஹானில் அதைவிடப் பன்மடங்கு பெரிய தோட்டத்தைத் திறந்தார். ஆக, இந்த நாட்டின் ரப்பர் வரலாறு நம் மலாக்கா மாநிலத்து மண்ணில்தான் தொடங்கியது. அதே புக்கிட் லிந்தாங்கின் பெயரில் இன்று ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

மோட்டார் வண்டி பெருகப் பெருக ரப்பருக்கு விலை ஏறியது. காடுகள் அழிந்தன, பால்மரம் பரவியது. ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் நம் பாட்டன் பாட்டிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி முறை 1938 வரை நடந்தது. அந்த ஆண்டில்தான் இந்திய அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து ஆள் அனுப்புவதற்குத் தடை போட்டது.

வந்த மக்களைக் குடிவைக்கக் கட்டியதுதான் லயம். ஒரே நீளக் கொட்டகை. உள்ளே தடுப்புத் தடுப்பாக அறைகள். அத்தாப்புக் கூரை, பலகைச் சுவர். பிறகு தகரம் வந்தது. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்க மணக்கும். தண்ணீருக்குப் பொதுக்குழாய். கக்கூசு எங்கோ கடைசியில். சின்னப் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். அந்த நெருக்கத்திலும் நம் மக்கள் வாசலில் கோலம் போட்டார்கள். முருங்கையும் வாழையும் வைத்தார்கள். பின்பக்கத்தில் ஆடு மாடு கட்டினார்கள். கோயிலை எழுப்பினார்கள். கிடைத்த இடத்தை வீடாக்கிக்கொள்ளும் திறமை நம்மவரிடம் குறைவில்லாமல் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. லயத்து வீடு கூலியோடு சேர்ந்தது. வேலை இருக்கும்வரைதான் கூரை. வேலை நின்றாலும், வயதாகி ஓய்வு பெற்றாலும், துரைக்குப் பிடிக்காமல் போனாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு மரம் வெட்டியவருக்கும் அந்த வாசற்படியில் ஓர் அங்குல உரிமை கிடையாது. அவர் நட்ட முருங்கையும் அவருடையதல்ல. அதனால்தான் அந்தக் காலத்துக் கிழவர்கள் மகனுக்கும் அதே தோட்டத்திலே வேலை கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றார்கள். "மவனுக்கு வேல கெடச்சாத்தான் நமக்குக் குந்த எடம்" என்பது அவர்கள் கணக்கு. படிக்க வேண்டிய பிள்ளை பதினாறு வயதில் வாளி தூக்கியதற்கு வறுமை ஒரு காரணம் என்றால், வீடு இன்னொரு காரணம்.

முள்வேலியும் மண் வீடும்

1948 முதல் 1960 வரை நாட்டில் அவசரகாலம் நடந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த மக்களைக் கொண்டுவந்து புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களில் நடந்தது வேறு. அங்கங்கே பிரிந்து கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். வாசலில் காவல். வேலைக்குப் போகும்போது சோறு கொண்டுபோகிறார்களா என்று சோதனை.

இரண்டு பக்கமும் துன்பம்தான். இருந்தாலும் ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். புதுக்கிராமத்துக்குப் போனவருக்கு ஒரு மனை ஒதுக்கப்பட்டது. வேலி போன பிறகு அந்த மனையில் காலப்போக்கில் வீடு வளர்ந்தது, கடை வந்தது. பலருக்கு உரிமைப் பத்திரமும் கிடைத்தது. நம் மாநிலத்து மாச்சாப் பாரு அப்படி வந்த ஊர்தான். தோட்டத்து வேலி அவிழ்ந்தபோது நமக்கு மிஞ்சியது பழைய லயம். மண் கம்பெனியுடையது.

துண்டாடலும் பத்து வெள்ளியும்

1957-இல் சுதந்திரம் வந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் பெரிய தோட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்கிறோம். ஆயிரம் ஏக்கருக்கு ஒரு முதலாளி இருந்த இடத்தில் நூறு முதலாளி. துண்டு நிலம் வாங்கியவருக்கு லயமும் வேண்டாம், ஆயாக்கொட்டகையும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். தொழிலாளிக்கு வேலை போனது. வேலையோடு வீடும் போனது. மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கு வந்த குடும்பங்கள் அன்று ஏராளம்.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் ஒரு வழி சொன்னார். "தோட்டத்தை அடுத்தவன் வாங்குவதற்கு முன்னால் நாமே வாங்கிவிடுவோம்" என்பதுதான் அந்த வழியின் சாரம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. நாள்கூலி வாங்கும் மனிதன் நூறு வெள்ளிக்கு எங்கே போவான்? மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். அவரும் மற்றவர்களும் தோட்டம் தோட்டமாகப் போய், கோயில் வாசலிலும் பெரட்டுக் களத்திலும் நின்று பேசினார்கள். சிரித்தவர்களும் உண்டு. "பாலு வெட்டுறவன் தோட்டம் வாங்குறதா?" என்றார்கள். மறு ஆண்டு, 1961-இல், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. சிரித்தவர் வாய் மூடியது. துன் சம்பந்தன் 1979-இல் மறைந்தார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்ந்த அந்தப் பணம் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமாக வளர்ந்தது.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சங்கம் வாங்கிய தோட்டத்தில் தொழிலாளியின் வேலை தப்பியது, குடியிருப்பும் தப்பியது. அது பெரிய சாதனை. ஆனால் அவர் குடியிருந்த வீட்டின் மனை அவர் பெயருக்கு மாறவில்லை. அவர் தோட்டத்தில் பங்குதாரர்; வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்ல. சொந்த வீடு என்பது இன்னும் ஓர் அடி தள்ளியே நின்றது.

அதே காலத்தில் நாட்டில் வேறு ஒரு வழியும் திறந்திருந்தது. 1956-இல் தொடங்கிய பெல்டா திட்டத்தில், நிலமில்லாத குடியேறிகளுக்கு ஏறக்குறைய பத்து ஏக்கர் ரப்பர் அல்லது செம்பனை நிலமும், கால் ஏக்கர் மனையில் ஒரு வீடும் ஒதுக்கினார்கள். அந்தக் கால் ஏக்கர் ஒரு குடும்பத்தை எப்படித் தூக்கிவிட்டது என்பதைப் பெல்டா கிராமங்களைப் பார்த்தால் தெரியும். அந்தத் திட்டத்தில் சேர்ந்த இந்தியர்கள் மிகக் குறைவு. குடியுரிமைப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த நம்மவர்களுக்கு அதுவும் ஒரு தடை. பிறப்புப் பத்திரத்தைப் பெட்டியில் பத்திரமாக வைக்காததற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

1967-ஆம் ஆண்டில் புக்கிட் அசஹான் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்கள் வேலைப் பிரச்சினைக்கு நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் சிங்கப்பூர் போவதற்குப் பஸ் டிக்கட் எடுக்கிறார்கள். அன்று அவர்கள் நடந்தார்கள். ரப்பர் எந்தத் தோட்டத்தில் வேரூன்றிப் பெருகியதோ, அந்தத் தோட்டத்து மக்களே எழுபது ஆண்டு கழித்துத் தெருவில் நடக்க வேண்டி வந்தது என்றால், மண்ணுக்கும் மக்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் வந்தது, திட்டம் வந்தது

1966-இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. தோட்ட நிர்வாகம் தரமான வீடு கொடுக்க வேண்டும், நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. 1990-இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. 2019-இல் அதுவும் திருத்தப்பட்டது. இந்தச் சட்டங்களால் நன்மை உண்டு. லயம் போய் இரட்டை வீடு வந்தது. குழாயும் கரண்டும் வந்தன. ஆனால் இவை எல்லாம் குடியிருக்கும் வீட்டைப் பற்றிய சட்டங்கள். சொந்தமாகும் வீட்டைப் பற்றியவை அல்ல.

சொந்தமாக்கும் திட்டமும் எழுபதுகளில் பேசப்பட்டது. தோட்டத் தொழிலாளர் வீட்டுடைமைத் திட்டம் என்று அதற்குப் பெயர். தோட்டத்தின் ஓர் ஓரத்தில் நிலம் ஒதுக்கி, வீடு கட்டி, தொழிலாளிக்குத் தவணையில் விற்பது. கேட்க நன்றாக இருந்தது. சில தோட்டங்களில் நடக்கவும் நடந்தது. ஆனால் பல தோட்டங்களில் அது பேச்சோடு நின்றது. ஏன்? நிலம் ஒதுக்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ள விஷயம்; விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற அங்கே அனுமதி வாங்க வேண்டும். வங்கிக் கடன் கேட்கப் போனால் மாதச் சம்பளம் கேட்டார்கள். நம்மவருக்கு இருந்ததோ நாள்கூலி. மழை பெய்தால் மரத்தில் வெட்டு இல்லை, கூலியும் இல்லை.

பிறகு தோட்டங்களே மறையத் தொடங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவை. செம்பனையும் போய்த் தொழிற்பேட்டையும் தாமானும் வந்தன. 1995-க்குப் பிறகு புத்ராஜெயா என்ற பெருநகரம் எழுந்ததே, அது பிராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடம். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறின. அந்த மாடிகளில் விரிசல் கண்டது. மண்ணோடு சேர்ந்த வீடு வேண்டும் என்று அவர்கள் இருபது ஆண்டுக்கு மேல் மனுக் கொடுத்தார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கே இடம் விட்ட மக்களின் கதை இது.

கடல் தாண்டிய நம்மவர்கள்

இது மலேசியத் தமிழனுக்கு மட்டும் வந்த தலைவிதி என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தஞ்சை வயல்களில் உழைத்த விவசாயக் கூலிகள் மிராசுதாரரின் நிலத்தில்தான் குடிசை போட்டிருந்தார்கள். கூலி கேட்டுக் குரல் உயர்த்தினால் குடிசையைப் பிரி என்பார் முதலாளி. 1971-இல் அங்கே குடியிருப்புச் சட்டம் வந்தது. குடிசை போட்டிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்று அது சொன்னது. குடிசை அதே குடிசைதான். அதை யாரும் மாடியாக்கித் தரவில்லை. ஆனால் காலுக்குக் கீழே இருந்த மண் சொந்தமானதும் "வெளியே போ" என்ற சொல் செல்லாமல் போனது.

இலங்கை மலையகத்தில் தேயிலை பறிக்கும் நம் உறவுகளும் நூறு ஆண்டுக்கு மேலாக லயன் காம்பராவில்தான் வாழ்ந்தார்கள். 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்று முடிவாகித் தனி வீடுகள் எழுந்தன. இந்திய அரசாங்கமும் முதலில் நாலாயிரம் வீடுகளுக்கு உதவியது. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. நாலு பக்கமும் சுவர் எழுப்பி, பின்னால் நாலு கத்தரிச்செடி வைக்கலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழு பேர்ச்சுக்காக ஒரு சமூகம் எத்தனை தலைமுறை காத்திருந்தது!

மூன்று நாட்டிலும் கதை ஒன்றுதான். வீட்டைக் கட்டிக்கொள்ள நம்மவருக்குக் கை இருந்தது, தெம்பு இருந்தது. இல்லாதது மண்ணின் மேல் உரிமை.

வெளியே வந்து வீடு கட்டியவர்கள்

திட்டத்துக்காகக் காத்திருக்காமல் தாமே புறப்பட்டவர்களும் நம்மில் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். வீட்டுக்கு இரண்டு சம்பளம் வந்தது. அப்பாவின் சேமநிதி, அம்மாவின் தோடு, அக்காவின் ஓவர்டைம் எல்லாம் சேர்ந்து ஜாசின் பக்கத்திலோ அலோர் காஜா பக்கத்திலோ ஒரு துண்டு நிலமாயின.

அப்புறம் வீடு. யாரும் ஒரே வருஷத்தில் கட்டவில்லை. முதல் வருஷம் கிணறு. அடுத்த வருஷம் தரை போட்டு, பாதிச் சுவர் செங்கல், மேல் பாதி பலகை, கூரைக்குத் தகரம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களும் பழைய லயத்துக் கூட்டாளிகளும் வந்து கை கொடுப்பார்கள், கோத்தோங் ரோயோங்தான். ஒருவர் தச்சு தெரிந்தவர், ஒருவர் சிமெண்டு குழைப்பவர், பெண்கள் மணல் சுமந்து சோறும் ஆக்குவார்கள். நிலைக்கதவுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவார்கள். பலகை போய்க் கல் வர இன்னும் பத்து வருஷம் ஆகும். பரவாயில்லை. மழை ஓசை கேட்கும் தகரக் கூரைதான் என்றாலும், "நாளைக்குக் காலி பண்ணு" என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள் என்ற நிம்மதியில் அந்தக் கிழவர் தூங்கினார். வாழ்நாளில் அதுவே அவருக்கு முதல் தூக்கம் என்று சொல்லலாம்.

நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆனால் பாடுபட்டுக் கட்டிய வீட்டை இழந்தவர்களும் உண்டு. சுவர் பலமில்லாமல் அல்ல, பத்திரம் பலமில்லாமல். ஆகவே வீடு கட்ட நினைக்கும் பெற்றோர்கள் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. கிராமப்புறத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் விவசாய நிலம். அதில் உரிமையாளர் தமக்கு ஒரு குடியிருப்பு வீடு கட்டிக்கொள்ளச் சட்டம் ஓர் அளவுக்குள் இடம் தருகிறது. ஆனால் பட்டாவில் வேறு நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

"நாம அஞ்சு பேரு சேந்து ஒரு ஏக்கரு வாங்கி, ஆளுக்கொரு பக்கம் கட்டிக்குவோம்" என்று கூட்டாளிகள் பேசுவது வழக்கம். கவனம் தேவை. விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் குறைவாகத் துண்டு போட்டுத் தனிப் பட்டா வாங்கச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஐந்து பேர் பெயரும் ஒரே பட்டாவில் பங்காகத்தான் நிற்கும். இன்று அண்ணன் தம்பியாக இருப்பவர்கள் நாளை இருக்கமாட்டார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது வழக்காகும். பணம் கொடுத்தும் பட்டாவில் பெயரே ஏறாமல், வெறும் ரசீதை வைத்துக்கொண்டு வீடு கட்டியவர் நிலை இன்னும் மோசம்.

சிலர் கையில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் இருக்கும், டி.ஓ.எல். என்பார்கள். அது ஆண்டு முடிவில் முடிந்துபோகும்; மீண்டும் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. உரிமையாளர் இறந்தால் அதுவும் அவரோடு போகும். அதை நம்பிக் கல் வீடு கட்டுவது ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டுவது போல. இன்னும் ஒன்று: மலாக்காவில் வழக்காற்று நிலம் என்றும் ஒரு வகை உண்டு. அது மலாய்க்காரர்களின் பரம்பரை உரிமைக்காகத் தனிச் சட்டத்தால் காக்கப்படுவது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்கு முன்பணம் கொடுத்தால், பணமும் போகும், நட்பும் போகும்.

எனவே வாங்குமுன் நில அலுவலகத்துக்குப் போங்கள். கட்டணம் கட்டிக் கேட்டால் அந்தப் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா, நிபந்தனை என்ன என்று எழுத்தில் கொடுப்பார்கள். எல்லைக்கல்லை நேரில் பாருங்கள். வீட்டு வரைபடத்தை அலோர் காஜா, ஜாசின் என்று உங்கள் வட்டாரத்து நகராண்மைக் கழகத்தில் கொடுத்து அனுமதி பெறுங்கள். 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் அதைக் கேட்கிறது. பணம் சேர்க்கக் கூட்டுக் கட்டாதீர்கள். 1971 முதல் கூட்டு சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஏமாந்தால் போலீசில் சொல்லவும் கூச்சப்பட நேரிடும். சேமநிதியிலிருந்து வீடு வாங்கவும் கட்டவும் பணம் எடுக்க வழி இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, தாய்மார்கள் சார்பில் ஒரு வேண்டுகோள். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் மரம் வெட்டினார்கள். சேர்ந்துதான் மணல் சுமந்தார்கள். பட்டாவில் மட்டும் ஏன் ஒரு பெயர்? மனைவியின் பெயரையும் சேருங்கள். கணவர் கண்மூடிய மறுமாதமே வாசலில் நின்று கணக்குக் கேட்கும் உறவுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

பள்ளிக்கூடத்துக்கும் மனை வேண்டும்

இவ்வளவு சொன்ன பிறகு நம் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: கெமுனிங் தோட்டம், தெபோங் தோட்டம், காடேக் தோட்டம், செர்காம் தோட்டம், புக்கிட் காஜாங் தோட்டம், சுங்கை பாரு தோட்டம் என்று தோட்டத்தின் பெயரே பள்ளியின் பெயர். நாட்டிலுள்ள பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அவை நிற்கும் நிலம் அரசாங்கத்துடையதும் அல்ல, பள்ளியுடையதும் அல்ல என்பதுதான். தொழிலாளி எப்படிக் கம்பெனி மண்ணில் குடியிருந்தாரோ, அப்படியே பள்ளியும் குடியிருந்தது. தோட்டம் விற்கப்பட்டால் லயத்தோடு பள்ளியும் தள்ளாடியது.

லயம் காலியாகி, நம்மவர் வீடு தாமானுக்கும் கம்பத்துக்கும் போனதில் மகிழ்ச்சிதான். ஆனால் பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் தனியாக நின்றால் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? புது வீட்டுக்குக் குடிபோகும் பெற்றோர்களே, புது ஊரில் பால் காய்ச்சும் நாளிலேயே அருகில் இருக்கும் தமிழ்ப்பள்ளியை விசாரியுங்கள். வீடு மாறினாலும் பிள்ளையின் பள்ளி தமிழ்ப்பள்ளியாகவே இருக்கட்டும். தோட்டத்துப் பள்ளிக்கு ஊருக்குள் ஒரு மனை கேட்கும் முயற்சி எங்கே நடந்தாலும் அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். கம்போங் செட்டியின் கதையை மேலே சொன்னது இதற்காகத்தான்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டன் பட்டாவில் கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கிராணி சொன்னதை நம்பினார். நீங்கள் மலாய் படிக்கிறீர்கள், தமிழ் படிக்கிறீர்கள், ஆங்கிலம் படிக்கிறீர்கள், கணக்கும் படிக்கிறீர்கள். வீட்டுக்குப் போய் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சேமநிதிக் கணக்கு, நிலவரி ரசீது எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்து அப்பா அம்மாவுக்குச் சொல்லுங்கள். உங்கள் படிப்பால் வீட்டுக்குக் கிடைக்கும் முதல் வருமானம் அதுதான்.

பெற்றோர்களே, இருப்பது பலகை வீடோ கல் வீடோ, பெரிய மனையோ சின்ன மனையோ, அது உங்கள் பெயரில் இருக்கட்டும். காட்டை வெட்டி நாட்டை உண்டாக்கிய கைகளுக்கு ஒரு பிடி சொந்த மண் என்பது பேராசை அல்ல.